கல்குடாவில் ஓய்வுக்காலம்: வீட்டுச் செலவு எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது

கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனை என்று அடுத்தடுத்துக் கிடக்கும் இந்தக் கரையில் 'பென்சன்' என்ற சொல்லை எல்லோரும் அறிவார்கள். அதைக் கையில் வாங்குகிறவர்கள் சிலர்தான். ஆசிரியர், தாதி, தபால், புகையிரதம், பிரதேச சபை என்று அரச சம்பளம் எடுத்தவர்கள் ஒரு பகுதி. 1950களில் தொடங்கிய வாழைச்சேனை கடதாசி ஆலையில் வேலை செய்தவர்களும், 2009இற்குப் பிறகு பாசிக்குடாவில் எழுந்த ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களும் இன்னொரு பகுதி. இவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது, ஊழியர் சேமலாப நிதி மட்டும் உண்டு. மற்றவர்கள்தான் அதிகம். கடலுக்கும் வாவிக்கும் போனவர்கள், கிரான் பக்கம் வயல் செய்தவர்கள், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்கள், போரில் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்த்தவர்கள். இவர்களுக்கு ஓய்வு என்று ஒரு திகதி இல்லை. உடம்பு ஒத்துழைக்காமல் போகிற நாள்தான் அந்தத் திகதி.

வருமானம் எவ்வளவு வரும் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். செலவு எப்படி மாறும் என்று பார்ப்பவர்கள் குறைவு. "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரண்டு பேருக்கு என்ன செலவு" என்பதுதான் வழக்கமான பேச்சு. அந்தக் கணக்கு முதல் இரண்டு வருடத்திலேயே பிழைத்துப்போவதை நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். செலவு எந்த வயதில் எங்கே கூடும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்கான குறிப்புகள்தான் இவை.

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதும் நம் வீடும்

ஓய்வுக்குப் பின் வீட்டுச் செலவு என்னவாகிறது என்று அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க் அகியார், எரிக் ஹேர்ஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஓய்வு பெற்றவர்கள் உணவுக்குச் செலவழிக்கும் பணம் குறைகிறது, ஆனால் அவர்கள் சாப்பிடும் சாப்பாடு குறைவதில்லை என்று காட்டியது. நேரம் கிடைப்பதால் விலை பார்த்து வாங்குகிறார்கள், வீட்டிலேயே சமைக்கிறார்கள். இது நமக்குப் புரியாத விடயமல்ல. வேலைக்குப் போகும்போது கடையில் வாங்கிய இடியப்பம் வீட்டில் அவிக்கப்படும். வளவில் முருங்கையும் கத்தரியும் நிற்கும். காலையில் வாவிக்கரைக்குப் போய் மீனை நேரே வாங்கலாம். வேலைக்கான சட்டை, சேலை, பஸ் காசு, பெற்றோல், அலுவலகத்துச் சேகரிப்புகள் எல்லாம் நின்றுவிடும். இவை உண்மையாகவே குறைகிற செலவுகள்.

2014இல் டேவிட் பிளான்செட் என்ற ஆய்வாளர், ஓய்வுக்காலச் செலவைக் கோடாக வரைந்தால் அது புன்னகை போல வளைகிறது என்றார். தொடக்கத்தில் கூடுதலாக இருந்து, வயது ஏற ஏற மெல்லக் குறைந்து, கடைசியில் மருத்துவச் செலவால் மீண்டும் ஏறும். அமெரிக்க வீடுகளின் கணக்கு அது. அங்கே முதல் வருடங்களின் செலவு பயணமும் பொழுதுபோக்கும். நம் வீடுகளிலும் முதல் வருடங்களில் செலவு கூடத்தான் செய்கிறது, ஆனால் காரணம் வேறு. கையில் வந்த மொத்தப் பணம் வீடாகவும், மகளின் கல்யாணமாகவும், மகனின் விமானச் சீட்டாகவும் மாறுகிறது. நடுவில் செலவு இறங்கும் என்பதும் இங்கே நிச்சயமில்லை. போரால் படிப்பும் கல்யாணமும் தள்ளிப்போன தலைமுறை இது. 60 வயதில் ஓய்வு பெறும்போது கடைசிப் பிள்ளை உயர்தரம் படித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. மகள் குவைத்தில் இருக்க, பேரப்பிள்ளைகளுக்குச் சோறும் ரியூசன் காசும் கொடுக்கும் அம்மம்மாக்கள் நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். "இரண்டு பேருக்கு என்ன செலவு" என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டில் உண்மையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கையில் வருவது என்ன

செலவுதான் நம் பேச்சு என்றாலும், எந்தப் பணம் எந்த வடிவில் வருகிறது என்பது செலவை மாற்றிவிடுகிறது. ஆகவே சுருக்கமாக:

அரச ஊழியருக்கு மாத ஓய்வூதியமும், தொடக்கத்தில் 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான பணிக்கொடையும் கிடைக்கும். கட்டாய ஓய்வு வயது இப்போது 60. இடையில் 65 ஆக்கப்பட்டு, 2022 இல் மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த வருட இறுதியில் ஒரே நாளில் பெருந்தொகையானோர் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கும். இன்னும் சில வருடம் சம்பளம் வரும் என்று கடன் எடுத்திருந்தவர்கள் அப்போது பட்ட பாடு ஒரு பாடம்.

தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம் கட்டுகிறார்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் தொழில்தருநரே கட்ட வேண்டும். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். ஆனால் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. அதனால் 55 ஆனவுடன் நிதியை எடுத்துச் செலவழித்துவிட்டு, 60இல் வெறுங்கையோடு நிற்கும் ஆபத்து உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உரித்து. ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கடைசி விடயம் தெரியாது.

கமக்காரர்களுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை இவற்றை நடத்துகிறது. கிடைக்கும் தொகை சிறியது. கமக்காரர் ஓய்வூதியம் 2010களின் தொடக்கத்தில் நிதி போதாமல் நின்று, 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. சுயதொழில் செய்கிறவர்களுக்கு இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்கள் இருக்கின்றன. இளம் வயதில் சேர்ந்தால் தவணை குறைவு. இவை எதுவும் இல்லாத, வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்கு அஸ்வெசும வழியாக முதியோர் கொடுப்பனவு வருகிறது. 2025இல் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சீனி, தேயிலை, மருந்துக்கு ஆட்டோக் காசு என்று மூன்றைச் சொன்னாலே அதில் பெரும்பகுதி போய்விடும்.

மொத்தப் பணமும் சீதன வீடும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் செய்கிற மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவதுதான் நெடுநாள் வழக்கம். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். தாய் தகப்பன் இருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு இளைய மகளுக்கு இன்னொன்று. கடைசியில் இளைய மகளோடு ஒதுங்குவார்கள். பெண்பிள்ளைக்குச் சொத்தும் பாதுகாப்பும் கிடைக்கிற நல்ல வழக்கம் இது. வயதான தாய் தகப்பனுக்கும் ஒரு காலத்தில் இது காப்புறுதியாகத்தான் இருந்தது. மகள் பக்கத்திலேயே இருந்தாள்.

1990இல் தொடங்கி 2006, 2007 வரை வந்த இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26இன் கடலும் இந்த ஒழுங்கைக் குலைத்துப் போட்டன. கொடுக்க வேண்டிய வீடே அழிந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே 60 வயதில் கையில் வரும் பணிக்கொடையோ சேமலாப நிதியோதான் மகளின் வீடு என்று ஆகிவிட்டது. இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செய்யத்தான் போகிறீர்கள். எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, வீட்டை மகளின் பெயருக்கு எழுதும்போது சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதலாம். அதாவது, உறுதி மகளின் பெயருக்குப் போகும். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கும் உரிமை அவர்களுக்கே. நொத்தாரிசு உறுதியில் ஒரு வரியாக அது நிற்கும். சம்பந்தம் பேசும் நேரத்தில் அந்த வரியைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். "எங்களை நம்பவில்லையா" என்று சம்பந்தி கேட்டுவிடுவாரோ என்ற பயம். உறுதி எழுதி முடிந்த பிறகு மருமகனோடு மனத்தாங்கல் வந்தால், அந்த வரி இல்லாத தாய் எங்கே போவாள் என்பதையும் அந்தக் கூச்சத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேரின் பெயரிலும் சீவிய உருத்து இருக்க வேண்டும் என்பது முக்கியம். தகப்பனின் பெயருக்கு மட்டும் வைத்தால் அவர் போனபின் தாய்க்கு அது இல்லை.

இரண்டாவது, காணி எந்த வகை என்று பாருங்கள். உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா? அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளர் பெயரைப் பதிய வேண்டும். கோறளைப்பற்றில் ஆவணம் இல்லாமலே பரம்பரையாக இருந்துவரும் வளவுகளும் உண்டு. கட்டடத்துக்குப் பணம் போடுவதற்கு முன் காணியின் தாளைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, அளவு. மொத்தப் பணத்தில் எவ்வளவு கட்டடத்துக்குள் போகலாம் என்ற எல்லையை கல்யாணப் பேச்சுக்கு முன்னமே கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மேசன் வந்தபிறகு எல்லை நிற்காது. என் கருத்தில், மாத ஓய்வூதியம் உள்ளவர் பணிக்கொடையில் அரைவாசிக்கு மேல் கொடுத்தாலும் தாங்கிக்கொள்வார், அவருக்கு அடுத்த மாதமும் பணம் வரும். சேமலாப நிதி மட்டும் உள்ளவருக்கு அப்படி இல்லை. அவருக்கு அந்தப் பணம்தான் அடுத்த இருபது வருடச் சம்பளம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுவருக்குள் போனால் பிறகு சுவரைச் சாப்பிட முடியாது.

இதோடு சேர்த்து ஒரு பழைய ஊர்ப் பழக்கம்: பிணைக்குக் கையெழுத்து வைப்பது. பென்சன்காரர் என்றால் எல்லோரும் தேடி வருவார்கள். ஓய்வூதியத்தைக் காட்டி வங்கியில் கடனும் எடுக்கலாம். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப அப்படி எடுத்து, மகன் பாதிவழியில் நின்றுபோனதால் ஐந்து வருடம் அரைப் பென்சனோடு வாழ்கிறவர்களை உங்களுக்கே தெரியும். பெண்களுக்கு நுண்கடன். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது நம் கிராமங்களைப் பிடித்திருந்தது. ஓய்வுக்குள் நுழையும்போது கடன் இருந்தால், மொத்தப் பணத்தின் முதல் வேலை அந்தக் கடனை முடிப்பதுதான். வைப்பிலிடும் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி, கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டியை ஒருபோதும் எட்டாது.

2022 கற்றுத்தந்தது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது. சம்பளம் எடுக்கிறவர் மேலதிக வேலை செய்யலாம், கூலிக்காரர் கூலியைக் கூட்டிக் கேட்கலாம். ஓய்வு பெற்றவருக்கு இரண்டு வழியும் இல்லை. எரிவாயுச் சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு எழுபது வயதில் விறகடுப்பு ஊதிய அம்மாமாரின் இருமல் எத்தனையோ வீடுகளில் இன்னும் நிற்கவில்லை.

அப்படியொரு வருடம் திரும்ப வராது என்றே வைத்துக்கொள்வோம். மத்திய வங்கி இப்போது இலக்காக வைத்திருப்பது 5 வீதப் பணவீக்கம். அந்த அமைதியான வேகத்திலும் விலைகள் ஏறக்குறைய 14 வருடத்தில் இரட்டிப்பாகும். இன்று மாதம் 50,000 ரூபாவில் நடக்கும் வீடு, இன்று 60 வயதானவர் 74ஐத் தொடும்போது, அதே சோறு கறிக்கு ஒரு இலட்சம் ரூபா கேட்கும். அரச ஓய்வூதியத்தில் வாழ்க்கைச் செலவுப் படி அவ்வப்போது கூடுகிறது, ஆனால் விலையோடு தானாக ஏறும் ஏற்பாடு அதில் இல்லை. ஒரே பதவியிலிருந்து வேறுவேறு வருடங்களில் ஓய்வு பெற்றவர்கள் வேறுவேறு தொகை வாங்கும் முரண்பாடும் அதனால் வந்ததுதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மூன்று கட்டமாகத் திருத்துவதாக அறிவித்தார்கள்.

வட்டியை நம்பி இருப்பவர்களுக்கு இன்னொரு சுழி. 2022, 2023இல் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 20 இலட்சம் போட்டவருக்கு 20 வீதத்தில் மாதம் 33,333 ரூபா வந்தது. வட்டி 8 வீதத்துக்கு இறங்கியபோது அதே 20 இலட்சத்துக்கு 13,333 ரூபா. பணம் குறையவில்லை, வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த 33,000ஐ நிரந்தரம் என்று எண்ணி மாதச் செலவை ஏற்றிக்கொண்டவர்கள் பிறகு முதலை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். உயர்ந்த வட்டி வரும் காலத்தில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், மீதியை முதலோடு சேர்க்க வேண்டும். பணவீக்கம் முதலைக் கரைத்ததற்கு ஈடாகத்தான் அந்த வட்டி வந்தது.

மூத்த பிரசைகளுக்கு 15 இலட்சம் வரை 15 வீதம் கொடுத்த விசேட வைப்புத் திட்டம் 2022 ஒக்டோபரோடு நிறுத்தப்பட்டது. பின்னர் 60 வயது கடந்தவர்களின் 10 இலட்சம் வரையான ஒருவருட வைப்புக்கு வழமையான வட்டியைவிட 3 வீதம் கூடுதலாகக் கொடுக்கும் ஏற்பாடு 2025 யூலையில் வந்தது. உங்கள் வங்கிக் கிளையில் இதைக் கேட்டு வாங்குங்கள். வட்டியிலிருந்து கழிக்கப்படும் வரி 2025 ஏப்ரல் முதல் 10 வீதம். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அந்தக் கழிவிலிருந்து தப்பலாம். படிவம் நிரப்பத் தெரியாததால் மட்டுமே பணம் இழக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். கூடப் போகும் பேரப்பிள்ளைக்கு இது அரைமணி நேர வேலை.

இலவச வைத்தியசாலையில் இலவசமில்லாதவை

வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் நமக்கு இருக்கும் பெரிய ஆறுதல். இவை இல்லாவிட்டால் முதுமைக்குத் திட்டமிடுவது என்ற பேச்சே நம்மில் பெரும்பாலோருக்கு அர்த்தமற்றது. ஆனாலும் இலவச வைத்தியத்தைச் சுற்றி ஒரு செலவு வளையம் இருக்கிறது, வயது ஏற ஏற அது பெருக்கிறது.

கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். சீனி, பிரசர், இருதயம் மூன்றுக்கும் வேறுவேறு நாளில் கிளினிக் இருந்தால் மாதத்தில் மூன்று பயணம். நடக்க முடிந்த காலத்தில் பஸ், பிறகு ஆட்டோ. தனியே போக முடியாத நிலை வந்தபின் கூட ஒருவர், அவருக்குச் சாப்பாடு, அவர் இழந்த நாட்கூலி. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே எழுதித் தருவார்கள். 2022இல் அது வழமையாகவே ஆகியிருந்தது. இரத்தப் பரிசோதனைகளில் சில வெளி ஆய்வுகூடத்தில். கண்ணாடி, பல், காது கேட்கும் கருவி. வார்ட்டில் ஒரு வாரம் நிற்க வேண்டிவந்தால் பக்கத்தில் நிற்பவரின் செலவு நோயாளியின் செலவை மிஞ்சும். படுக்கையில் விழுந்துவிட்டால் பம்பர்ஸ், மெத்தை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். கடைசி இரண்டு மூன்று வருடத்தில் ஏறும் செலவு இதுதான், முன்னைய இருபது வருடத்தில் எவரும் இதற்கு ஒதுக்கி வைப்பதில்லை.

போரில் காயப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முன்பே தொடங்குகிறது. உடம்பில் இருக்கும் செல் துண்டு ஐம்பது வயதுக்குப் பிறகு வேறுவிதமாக வலிக்கிறது. செயற்கைக்கால் ஒருமுறை பொருத்தினால் முடிவதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உடல் மெலிந்தாலும் பருத்தாலும் அது பொருந்தாமல் போகும். ஒரு காலோடு முப்பது வருடம் நடந்தவருக்கு மற்ற முழங்காலும் இடுப்பும் மற்றவர்களைவிட முன்பே தேய்ந்துவிடும். இப்படியான ஒருவர் வீட்டில் இருந்தால், 'மற்றவர்கள் 70இல் எதிர்பார்க்கும் செலவு எங்களுக்கு 55இல் வரும்' என்று வைத்தே திட்டம் போடுங்கள்.

அரச ஓய்வூதியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி உங்கள் ஓய்வுத் திகதிக்குப் பொருந்துகிறதா என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எளியது. மருந்துக்கென்று தனி வங்கிப் புத்தகம் ஒன்று. அதிலிருந்து திருவிழாவுக்கோ கல்யாண மொய்க்கோ எடுப்பதில்லை என்ற உறுதி. மாதம் ஆயிரம் ரூபாவாக இருந்தாலும் ஐம்பது வயதில் தொடங்கினால் அது வேறு விடயம்.

அவர் போனபின் அவளுடைய கணக்கு

பெண்கள் ஆண்களைவிடச் சில வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள், பெரும்பாலும் கணவனைவிட வயதிலும் குறைந்தவர்கள். இரண்டையும் கூட்டினால் பத்து வருடம் தனியே இருக்கப்போவது பெரும்பாலும் மனைவிதான். ஆளுக்கு ஆள் பாதி என்பதால் செலவும் பாதியாகிவிடாது. மின்சாரம், வீட்டுத் திருத்தம், கோயில் வரி எல்லாம் அப்படியே நிற்கும். எட்டுச் செலவும் முப்பத்தொன்றும் முதல் மாதத்திலேயே பெரிய பணத்தைக் கேட்கும். மரண உதவிச் சங்கத்தில் சந்தாவை விடாமல் கட்டி வருவது சிறிய காரியம் போலத் தெரிந்தாலும், அந்த வாரத்தில் மனைவி வட்டிக்காரரிடம் போகாமல் இருப்பது அதனால்தான்.

அரச ஊழியரின் மனைவிக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் போர் இன்னும் நம் வீட்டுக்குள் நிற்கிறது. முகாமிலும் இடம்பெயர்ந்த ஊரிலும் பதிவில்லாமல் நடந்த கல்யாணங்கள், எரிந்துபோன பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு தாளில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள். கணவன் உயிரோடிருக்கும்போது இதைத் திருத்துவது சில நாள் அலைச்சல். அவர் போனபின் மாதக்கணக்கு, அந்த மாதங்களில் வருமானம் இல்லை. சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்கிலும் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்து, தாய் இறந்து, பிறகு மாற்றாமலே விட்டவர்கள் நிறையப் பேர்.

சொத்தைப் பற்றி ஒரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். தேசவழமை வடக்குத் தமிழருக்கானது, மட்டக்களப்பில் செல்லாது. இங்கே நாட்டின் பொதுச் சட்டம்தான். மரண சாசனம் எழுதாமல் கணவன் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. "எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே" என்று சொல்லித் தாயிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன், அந்தத் தாய்க்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு எந்தப் படிவமும் பொருந்துவதில்லை. கணவனின் சேமலாப நிதியையோ வங்கிப் பணத்தையோ எடுக்க மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பெற 2010இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று தன் கையால் எழுதிக்கொடுக்க எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் மறுத்தார்கள், மறுப்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 2016இல் வந்த திருத்தம், மரணம் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்றே உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்தது. குடும்பம் சொத்தைப் பராமரிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். அதைப் பெறுவதால் தேடலையோ நீதி கேட்பதையோ கைவிட்டதாக ஆகாது. 2009இல் முப்பது வயதாக இருந்த பெண் இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். தனக்கு ஒரு முதுமை வரப்போகிறது என்று யோசிக்க அவளுக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை.

கொப்பியில் தொடங்குவது

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, இல்லாவிட்டால் இந்த மாதமே, ஒரு கொப்பியில் எல்லாச் செலவையும் மூன்று மாதம் எழுதுங்கள். வெற்றிலை, லொத்தர், போன் ரீலோட் உட்பட. பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி: ஓய்வோடு நின்றுவிடுவது, அப்படியே தொடர்வது, ஏறப்போவது. வேலைப் பயணம் முதல் வகை. அரிசி, மீன், மின்சாரம் இரண்டாவது. மருந்து, ஆட்டோ, வீட்டுக் கூரை மூன்றாவது.

கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட ஒரு உதாரணம். மாதம் 70,000 செலவழித்த ஆசிரியர் வீட்டில் பயணமும் உடுப்பும் அலுவலகச் சேகரிப்பும் 11,000 என்றால் அது நின்றுவிடும். வளவும் வீட்டுச் சமையலும் 4,000 மிச்சம் பிடிக்கும். மீதி 55,000. அதோடு பேரப்பிள்ளையின் ரியூசன் 5,000, மருந்துப் புத்தகத்துக்கு 4,000, கூரைக்கும் கிணற்றுக்கும் 3,000 சேர்த்தால் 67,000. எதிர்பார்த்த பாதியும் இல்லை, எதிர்பார்த்த மூன்றில் இரண்டும் இல்லை. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கூட்டிப் பார்க்காமல் அது தெரியாது.

மாதக் கணக்குக்குள் வராத வருடச் செலவுகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, தைப்பொங்கல், சித்திரை வருடம், பள்ளி தொடங்கும் சனவரி, இரண்டு மூன்று கல்யாண வீடு. வருடத் தொகையைப் பன்னிரண்டால் பிரித்து மாதக் கணக்கில் ஏற்றுங்கள். சீட்டுப் போடுகிறவர்கள் சீட்டு விழும் மாதத்தை இந்த மாதங்களில் ஒன்றுக்குப் பொருந்த வைக்கலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தை எந்தப் பகுதியில் எழுதுவது என்று கேட்பார்கள். லண்டனிலும் சவூதியிலும் அவர்களுக்கும் வீடு, கடன், பிள்ளைகள் என்று கூடிக்கொண்டே போகிறது. அது வரும் மாதத்தில் மருந்துப் புத்தகத்துக்கும் கூரைக்கும் போகட்டும். அரிசிக் கணக்கு அதில் நிற்க வேண்டாம். நகையை கடைசித் தற்காப்பாக வைத்திருப்பது இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்குத் தெரிந்த புத்திதான், ஓடும்போது கையில் எடுத்துப்போக முடிந்தது அதுமட்டும்தான். அடகு வைத்தால் மீட்கும் திகதியை அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கொப்பி எங்கே இருக்கிறது, உறுதியும் வங்கிப் புத்தகமும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, சேமலாப நிதி இலக்கம் என்ன என்பது கணவனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இந்தக் கரையில் வெள்ளமும் புயலும் புதிதல்ல. 1978 நவம்பர்ப் புயலையும் 2011 வெள்ளத்தையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாள்களைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.